கச்சேரிக்கு வழி போட்டவர்: அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பழைய மாணவர்களும் படிக்க வேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது. கல்லூரி விழாக்களில் கர்நாடக இசைக் கச்சேரி என்று அறிவித்தால் மண்டபம் பாதி காலியாகிவிடுகிறதே, ஏன்? நாங்கள் படித்தபோதும் இந்தப் பேச்சு இருந்தது. இன்றும் இருக்கிறது. கச்சேரியைக் கொஞ்சம் மாற்றி அமைத்தால் புதியவர்கள் வருவார்களா, மாற்றினால் சங்கீதம் கெட்டுவிடாதா என்று வாதாடுகிறோம்.

இந்த வாதம் ஏதோ நேற்று வந்த வாதம் இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதற்குப் பாட்டாலேயே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்று எதைப் பழைய சம்பிரதாயக் கச்சேரி என்று நாம் நினைக்கிறோமோ, அதுவே அவர் காலத்தில் புதுமாதிரிக் கச்சேரி! அவர்தான் சங்கீத கலாநிதி அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்.

ஊரும் குருவும்

காரைக்குடிக்குப் பக்கத்தில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது அரியக்குடி. நகரத்தார் ஊர்களில் ஒன்று. தென் திருப்பதி என்று மக்கள் சொல்லும் திருவேங்கடமுடையான் கோயில் உள்ள ஊர். அங்கே 1890-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி பிறந்தார் இராமானுஜம். சிறுவயதிலேயே பாட்டு வந்தது. முதலில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், பிறகு நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பாடம் கேட்டார். அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்த இடம்தான் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது. ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார், அதாவது சங்கீத உலகம் பூச்சி ஐயங்கார் என்று செல்லமாகச் சொல்லும் பெரியவர், அவருடைய குருவானார்.

பூச்சி ஐயங்கார் (1860-1919) சேதுபதி மன்னர்களின் ஆதரவு பெற்ற வித்வான். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சிஷ்யர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரோ, தியாகராஜரின் நேர் சிஷ்யரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் கற்றவர். ஆக, தியாகராஜரில் தொடங்கிய அந்தப் பரம்பரையில் அரியக்குடி ஐந்தாவது தலைமுறை. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கச்சேரியின் உருவத்தை மாற்றியவர் வெளியிலிருந்து வந்தவர் அல்ல. பரம்பரைப் பாடத்தில் ஊறி, வருஷக்கணக்காகக் குருகுலவாசம் செய்து, கீர்த்தனைகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்துக்கொண்டவர். மாற்றுவதற்குக் கையில் சரக்கு இருந்தது.

அந்தக் காலக் கச்சேரி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கச்சேரி எங்கே நடந்தது? அரண்மனையில், ஜமீன்தார் வீட்டில், கோயில் உற்சவத்தில், செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தலில். கேட்க உட்கார்ந்தவர்களுக்கு அவசரம் கிடையாது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்களும் இல்லை. புரவலர் ஒருவர் இருப்பார். அவருக்கும், சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற வித்வான்களுக்கும் தன் வித்தையைக் காட்ட வேண்டும். அதனால் கச்சேரியின் உயிர்நாடியாக இருந்தது ராகம் தானம் பல்லவி. ஒரு ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் போகும். பல்லவியில் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு, சிக்கலான தாளத்தில் பக்கவாத்தியக்காரரை மடக்கப் பார்ப்பார்கள். அவர் பதிலுக்கு மடக்குவார். விஷயம் தெரிந்தவர்களுக்குப் பெரிய விருந்துதான். தெரியாதவர்? தூண் ஓரமாகச் சாய்ந்து தூங்க வேண்டியதுதான்.

இதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. சென்னையில் சபாக்கள் தோன்றின. திருவல்லிக்கேணியில் ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தொடங்கியது. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டின் பலனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. சபாவுக்கு வருகிறவர் யார்? வக்கீல், குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், கல்லூரி மாணவர், வீட்டுப் பெண்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் காசு கொடுத்து உள்ளே வந்து, ராத்திரி வீடு திரும்ப வேண்டியவர்கள். சங்கீதத்தின் மேல் ஆசை உண்டு, பல்லவியின் கணக்கு தெரியாது. பழைய புரவலர்கள் ஒவ்வொருவராகக் குறைய, இந்தப் புதிய கூட்டம்தான் இனி சங்கீதத்துக்குச் சோறு போடப்போகிறது என்ற நிலைமை. இவர்களைப் பிடித்து உட்கார வைக்காவிட்டால் வித்வான்கள் பாடு திண்டாட்டம்.

அரியக்குடி என்ன செய்தார்?

பேச்சு எதுவும் பேசவில்லை. கட்டுரையும் எழுதவில்லை. கச்சேரியின் பட்டியலை மாற்றினார், அவ்வளவுதான்.

எடுத்த எடுப்பில் ஒரு வர்ணம். வர்ணம் என்பது பாட்டுப் பாடத்தில் எல்லோரும் கற்கும் உருப்படி. ராகத்தின் முகம் முழுவதும் அதில் இருக்கும். இரண்டு காலத்தில் பாடினால் பாடகருக்குக் குரல் பதமாகும், பக்கவாத்தியங்களுக்கும் கை சூடாகும். கேட்பவருக்கோ ஐந்து பத்து நிமிஷத்துக்குள் கச்சேரி களைகட்டிவிடும். அடுத்து பிள்ளையார் மீதோ வேறு தெய்வத்தின் மீதோ விறுவிறுப்பான கீர்த்தனை ஒன்று. அப்புறம் சின்னதாக ஒரு ஆலாபனையுடன் இன்னொன்று. ஒன்றில் நிரவல், ஒன்றில் கல்பனாஸ்வரம், ஒன்றில் எதுவுமே இல்லாமல் பாட்டு மட்டும். நடுவில் கனமான ராகத்தில் பெரிய உருப்படி, அதோடு மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம். ராகம் தானம் பல்லவி உண்டு, அதை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் சாயங்காலம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடாதபடி அளவாக. கடைசியில் ராகமாலிகை, பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா என்று சின்னச் சின்ன உருப்படிகள். மங்களம். கச்சேரி முடிந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் நீளத்தைக் குறைத்தார், எண்ணிக்கையைக் கூட்டினார் என்று தோன்றும். சூட்சுமம் அடுக்குவதில் இருந்தது. ஒரு ராகத்துக்குப் பக்கத்தில் அதே சாயலுள்ள இன்னொரு ராகம் வராது. சுத்த மத்யம ராகத்துக்குப் பிறகு பிரதி மத்யம ராகம், ஆதி தாளத்துக்குப் பிறகு வேறு தாளம், வேகமான பாட்டுக்குப் பிறகு நிதானமான பாட்டு. தலைவாழை இலையில் பரிமாறத் தெரிந்தவர்கள் இனிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு இனிப்பை வைக்கமாட்டார்கள் பாருங்கள், அந்த மாதிரி. ஒரு உருப்படி பிடிக்காதவருக்கும் அடுத்தது பிடிக்கும் என்ற நம்பிக்கை இருக்கும். எழுந்து போகமாட்டார்.

இரண்டாவது சூட்சுமம் காலப்பிரமாணம். ரொம்ப இழுக்கவும் மாட்டார், ரொம்ப ஓடவும் மாட்டார். மத்யமகாலம் என்கிற நடுவான ஓட்டம் அவருடைய முத்திரை. குருநாதர் வழியில் வந்த சொத்து அது. மூன்றாவது, தன் குரலின் எல்லையை அறிந்து பாடியது. பிரமாண்டமான குரல் என்று அவர் குரலை யாரும் சொன்னதில்லை. இருந்த குரலில், எட்டும் இடத்தில் நின்று, சுருதி சுத்தமாகப் பாடினார். ராகத்தை நாலு பிடியில் காட்டிவிடுவார். பத்து நிமிஷம் பாடினாலும் முழு ராகமும் கேட்ட நிறைவு வரும்.

காலமும் கைகொடுத்தது

எல்லாவற்றையும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிடுவது நியாயமில்லை. அவருக்கு முன்னாலும் கீர்த்தனைகளுக்கு முக்கியத்துவம் கொடுத்துப் பாடியவர்கள் உண்டு. அவர் காலத்திலேயே வேறு வித்வான்களும் கச்சேரியைச் சுருக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த அமைப்பு முழுவதும் அவர் ஒருவர் கண்டுபிடிப்பா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பலர் கையில் பலவிதமாக இருந்ததை நிலையான ஒரு உருவமாக்கி, மேடைக்கு மேடை வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் அவர் என்ற அளவில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

புதிய கருவிகளும் துணைக்கு வந்தன. கிராமபோன் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷந்தான். அந்த மூன்று நிமிஷத்தில் பாட்டு முடிய வேண்டும். கேட்பவர் காதும் அதற்குப் பழகிப்போனது. பிறகு மைக் வந்தது. அதுவரை கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் கத்தித்தான் தீர வேண்டும். மைக் வந்ததும் நிதானமாக, நுணுக்கமாகப் பாடுகிறவருக்கு நல்ல காலம் பிறந்தது. 1938 ஜூன் மாதம் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. வானொலி என்றாலே கடிகாரம்தான். பத்திரிகையும் சும்மா இருக்கவில்லை. ஆனந்த விகடனில் கல்கி, கர்நாடகம் என்ற புனைபெயரில் எழுதிய இசை விமர்சனங்கள், சபா வாசலை மிதித்தறியாத வீடுகளுக்குள்ளும் வித்வான்களின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பெயரும் புகழும்

அதே 1938-இல் மியூசிக் அகாடமி மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். சங்கீத கலாநிதி என்ற பட்டம் 1942-இல்தான் ஏற்பட்டது. முந்தைய தலைவர்களுக்கும் சேர்த்து வழங்கியபோது அவருக்கும் அது வந்தது. சங்கீத நாடக அகாடமி 1952-இல் முதன்முதலாக விருதுகள் கொடுத்தபோது, கர்நாடக இசையில் பெற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் வீணை காரைக்குடி சாம்பசிவ ஐயர், மற்றவர் அரியக்குடி. இரண்டு பேரும் காரைக்குடிச் சீமையோடு சேர்ந்த பெயர்கள் என்பதில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தனிப் பெருமை! 1958-இல் பத்மபூஷண் கிடைத்தது.

பட்டங்களைவிட, சக வித்வான்கள் அவரிடம் வைத்திருந்த மதிப்பு பெரிது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் அவருடைய பாட்டில் அப்படியொரு ஈடுபாடு வைத்திருந்தார். தன்னிடம் இருந்த இளைஞர் கே.வி. நாராயணசாமியை அரியக்குடியிடம் கற்க அனுப்பியவரும் அவரே. செம்பை வைத்தியநாத பாகவதரும் அரியக்குடியும் தொழிலில் போட்டியாளர்கள், வாழ்க்கையில் நண்பர்கள். இளைய தலைமுறையில் ஜி.என். பாலசுப்பிரமணியமும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அரியக்குடி பாணியை மெச்சியவர்கள். சிஷ்யர்களில் கே.வி. நாராயணசாமி 1986-இலும், பி. ராஜம் ஐயர் 1987-இலும் சங்கீத கலாநிதி ஆனார்கள். மதுரை என். கிருஷ்ணனும் அவருடைய மாணவர்தான்.

மார்கழி விடியலில் அவர்

சபாவுக்கு வராதவரிடமும் அரியக்குடி போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் அவர் ராகம் அமைத்தார். முதல் பாசுரம் நாட்டையில் தொடங்கும். எம்.எல். வசந்தகுமாரி அந்த மெட்டுக்களில் பாடிய இசைத்தட்டு, மார்கழி மாதத்தில் எத்தனையோ கோயில் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. விடியற்காலை ஹாஸ்டல் படுக்கையில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, யார் இந்த நேரத்தில் பாட்டுப் போடுவது என்று முணுமுணுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நமக்குத் தெரியாமலே முப்பது ராகப் பாடல்கள் காதில் ஏறியிருக்கின்றன. டிக்கெட் இல்லை, மேடை இல்லை, கைதட்டல் இல்லை. புதிய கேட்பாளரைத் தேடிப்போகும் முறைகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களையும் அவர் மேடையில் பாடிப் பரப்பினார்.

கொடுத்த விலை

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை வெறும் துதியாகிவிடும்.

அந்தக் கச்சேரி அமைப்பு ஜெயித்தது. ரொம்பவும் ஜெயித்துவிட்டது. ஒரு தலைமுறைக்குள் எல்லா மேடையிலும் அதே வரிசை. மணிக்கணக்கில் ஒரே ராகத்தில் திளைக்கும் பழக்கம் கச்சேரி மேடையில் அருகியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் தோடி வாசித்த மாதிரி நீண்டு பரவும் இசைக்குச் சபாவின் கடிகாரத்தில் இடம் இல்லை. வீணை தனம்மாள் போன்றவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பதமும் ஜாவளியும் கடைசி அரைமணிக்கு ஒதுங்கின. பெயரே துக்கடா, அதாவது துண்டு! தமிழ்ப் பாட்டுக்களும் பெரும்பாலும் அந்தத் துண்டுப் பகுதியிலேயே வந்து விழுந்தன. 1940-களில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கமும், 1943-இல் பிறந்த தமிழ் இசைச் சங்கமும் எழுப்பிய குரலுக்கு இந்த மனக்குறையும் ஒரு காரணம். மேடையின் நடுவில் எது உட்காருகிறது, ஓரத்தில் எது உட்காருகிறது என்பது வெறும் வரிசைப் பிரச்சினை இல்லை. யாருடைய பாட்டுக்கு மரியாதை என்ற பிரச்சினை அது.

இன்னொரு வேடிக்கை. கேட்பவர் எழுந்து போகக்கூடாது என்பதற்காகச் செய்த அமைப்பு, எப்போது எழுந்து போகலாம் என்பதையும் கற்றுக்கொடுத்துவிட்டது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நகரும் கூட்டத்தை டிசம்பர் சீசனில் யாரும் பார்க்கலாம்.

இதையெல்லாம் அரியக்குடியின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் தன் முன்னால் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்து ஒரு வழி போட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு வழியில்தான் நடக்க வேண்டும் என்று வேலி கட்டினார்கள். இப்போது அந்த வேலியைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டி.எம். கிருஷ்ணா வர்ணத்தையே கச்சேரியின் நடுநாயகமாக வைத்துப் பாடுகிறார், வரிசையைக் கலைத்து அடுக்குகிறார். 2013-இல் வெளிவந்த தன் நூலில் இந்த அமைப்பைக் கேள்வி கேட்டு நிறைய எழுதியிருக்கிறார். 2015-இல் சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பிலேயே விழா நடத்தினார்கள். சபாவுக்கு ஜனங்கள் வரவில்லை என்று புலம்பாமல், ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் பாட்டு போனது. சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குக் கோபம் வருகிறது. அரியக்குடியின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, பல்லவியை இப்படிச் சுருக்கலாமா என்று அன்றைக்கு முகம் சுளித்த பெரியவர்கள் இருந்திருக்கமாட்டார்களா என்ன?

மாணவர்களுக்கு

1967 ஜனவரி 23-ஆம் தேதி அரியக்குடி மறைந்தார். வயது 76. வானொலி நிலையம் பதிவு செய்து வைத்த அவருடைய கச்சேரிகள் இன்று கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. ஒலி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள், அந்த அடுக்கு புரியும்.

கல்லூரி இசைக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதுமாதிரி நிகழ்ச்சி செய்யுங்கள். மண்டபத்தில் வேண்டாம் என்றால் மரத்தடியில் வையுங்கள். மூன்று மணி நேரம் வேண்டாம் என்றால் நாற்பது நிமிஷம் வையுங்கள். ஒரே ராகம், ஒரே பாட்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு என்றுகூட வைக்கலாம். பதத்தையோ தமிழ்ப் பாட்டையோ நடுவில் வைத்துப் பாருங்கள். எதை வைத்தாலும் முதலில் பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். சரக்கு இல்லாமல் சுருக்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அரியக்குடி பூச்சி ஐயங்கார் வீட்டில் வருஷக்கணக்காகக் காத்திருந்தார், அதற்குப் பிறகுதான் மேடையில் எதைக் குறைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது.

பழைய மாணவர்களான எங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த சந்திப்பில் நீங்கள் பாட வந்தால், தனி ஆவர்த்தனம் முடிகிற வரைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்போம். காப்பி அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.